சத்தம் விழும் இடம்

சின்னப்போகம் வெட்டி முடிந்த கிழமை.
நிந்தவூர் வட்டையில்
வைக்கோல் ஏற்றாமல் கிடக்கும் ஒன்றரை ஏக்கர்.
அரிதாள் கணுக்காலைக் குத்துகிறது.
ஒன்பது பந்து,
பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய ஒரு கோல்ஃப் தடி.
கச்சான் காற்றுக்கு எதிராக
வாய்க்காலைத் தாண்டி அடிக்கவேண்டும்,
ஆசை அவ்வளவுதான்.

மூன்று தரம் கவடு வைத்து அளந்தேன்.
மூன்று தரமும் வேறு வேறு கணக்கு.
நூற்றி எழுபது என்று வைத்துக்கொள்வோம்.

வரம்பால் போன மசூது காக்கா
சைக்கிளை நிறுத்தினார்.
"என்ன தம்பி, பாம்பா?"
"இல்ல காக்கா, பந்து."
"பந்துக்கு இவ்வளவு கோபமா?"

கோபம்தான்.
தோளால் அடித்தேன். பல்லைக் கடித்து அடித்தேன்.
ஒரு பந்து நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடியது.
ஒன்று அறுபது கவட்டில்
உழவு இயந்திரத்தின் தடத்துக்குள் படுத்துக்கொண்டது.

டோஹாவில் ஆறு வருஷம்
எனக்குப் பந்து பொறுக்கும் வேலை.
கம்பிக் கூண்டு போட்ட வண்டிக்குள் இருந்து
புல்வெளி முழுக்க ஓட்டுவேன்.
அங்கே வரிசையில் நின்று அடிப்பவர்களுக்கு
நூறு யார் பலகையும் இருநூறு யார் பலகையும் இருந்தன.
ஆனாலும் நான் இருந்தேனே.
டங்.
பட்டால் கை தட்டுவார்கள்.
சில நாள் எனக்கும் சிரிப்பு வரும்.

கூண்டுக்குள் இருந்து பார்த்தால் தெரியும்,
முக்கி முறுகி அடிப்பவனின் பந்து
என் சில்லுக்கு முன்னால் உருண்டு செத்துப்போகும்.
ஒரு கொரியாக்காரி வருவாள்,
என் தோளுயரம் இருப்பாள்.
சோம்பலாகத்தான் தடியைத் தூக்குவாள்.
உச்சியில் ஒரு கணம்
எதையோ மறந்தவள்போல நிற்பாள்.
பிறகு இடுப்புத்தான் முதலில் கிறுகும்.
தோள் அதன் பின்னால் இழுபட்டு வரும்,
அதற்கும் பின்னால் கை,
எல்லாவற்றுக்கும் கடைசியில் தடி.
அவளால் என் கூண்டில் இரண்டு கம்பி வளைந்தது.

கண்டதெல்லாம் கண்ணுக்குள் இருக்கிறது.
இடுப்புக்கு இறங்கவில்லை.

மஃரூபா பிளாஸ்கில் பிளேன்டீ கொண்டுவந்தாள்.
ஊரில் பழுதான தையல் மெஷின் எல்லாம்
இவளிடம்தான் வரும்.
திறக்கமுன்னமே
காதால் பழுதைக் கண்டுபிடிப்பாள்.

தடியைத் தலைகீழாகப் பிடித்து
வெறுமையாக ஒருக்கா வீசினேன்.
ஸ்ஸ்.
"சத்தம் உங்கட தோளடியில வருது" என்றாள்.
"பந்து கிடக்கிறது காலடியில.
மாசக் காசு மாதிரி
எல்லாத்தையும் வழியிலயே செலவழிச்சிட்டு
வெறுங்கையோட போய்ச் சேர்றீங்க."

மறுகா வீசினேன்.
"இன்னும் முந்துது."
மறுகா.
"அவசரம்."
பதினோராவது தரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

தடியை நேராகப் பிடித்தேன்.
பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன்,
டியூப் ரப்பர் மூச்சுவிட்டது.
முதுகு வாய்க்காலைப் பார்க்கும்வரை கிறுகி
ஒரு கணம் மறந்து நின்றேன்.
இடக்குதியால் மண்ணை மிதித்தேன்.
மண் திருப்பி மிதித்தது.
அந்த உதை முழங்காலேறி, இடுப்பேறி,
என்னைக் கேட்காமலே கைக்குப் போய்விட்டது.

கையில் ஒன்றும் தெரியவில்லை.
பட்டதா என்றுகூட.
வாய்க்காலுக்கு அங்கால்
நாலு கொக்கு எழும்பியபிறகுதான் தெரிந்தது.

"இப்ப ஆர் போய் எடுக்கிறது?" என்றாள்.
ஒன்பது பந்துதான் இருக்கிறது.
மதகு தெற்கே அரை மைல்.
பொறுக்குகிற வேலையில்
எனக்குத்தான் ஆறு வருஷ அனுபவம்.

சுற்றிப் போய்
கொக்கு நின்ற சேற்றில் பந்தைத் தேடி எடுத்து
நிமிர்ந்து பார்த்தேன்.
அந்தக் கரையில்
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
மஃரூபா தடியைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.
சோம்பலாக.
உச்சியில் ஒரு கணம் நின்றாள்.

என் கை தானாகப்
பக்கத்தில் கூண்டைத் தடவியது.